கோபுரத்துக்கு ஓர் எழுத்து: மத்தூர் வட்டாரக் கேள்விகள்

மாங்கூழ் ஆலை ஊழியர், மத்தூர்

கேள்வி: எங்கள் ஆலையில் புதிதாக வைத்த கூலிங் டவரின் பெயர்த்தகட்டில் மூன்று சீன எழுத்துகள் இருக்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். மாம்பழ சீசன் முழுக்க அதன் அடியில்தான் எனக்கு வேலை. என்னதான் எழுதியிருக்கிறது?

பதில்: 'கூலிங் டவர்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதல் எழுத்தின் இடது ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு துளிகள் தெரிகின்றனவே, அவை பனிக்கட்டியின் அடையாளம். அந்த எழுத்துக்குக் குளிர் என்று பொருள். அடுத்தது, பின்வாங்குதல். இரண்டும் சேர்ந்தால் சூடு தணித்தல். மூன்றாவதுதான் கோபுரம். உச்சரிப்பு 'தா'. குரலை முதலில் இறக்கிப் பிறகு ஏற்றிச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வேலைக்குப் போகும்போது அந்த மூன்றாம் எழுத்தை நின்று பாருங்கள். இடப்பக்கம் இரண்டு கிடைக்கோடுகள், அவற்றில் ஒரு நெடுக்கோடு, அது மண். வலப்பக்கம் உச்சியில் புல். அதன் கீழே கூரைபோல இரண்டு சாய்கோடுகள், கூரைக்கு அடியில் ஒரு சின்னக் கோடு, அதற்கும் கீழே ஒரு சதுரம். மொத்தம் 12 கோடுகள். மண் பொருளுக்கு. வலப்பக்கம் முழுவதும் ஒலிக்கு. சீனாவில் இன்று செல்போன் டவர், உயர் மின்னழுத்தக் கம்பி தாங்கும் டவர், பாரிஸ் ஈபில் கோபுரம், அடுக்குமாடி கட்டுகிற இடத்து டவர் கிரேன் எல்லாவற்றுக்கும் இந்த எழுத்துதான். ஆனால் இது பிறந்தது புத்தரின் நினைவுக் கட்டடத்துக்காக. அதைப் பிறக்க வைத்தது ஓர் இந்தியச் சொல்.

பள்ளி ஆசிரியை, போச்சம்பள்ளி

கேள்வி: நம் நாட்டுச் சொற்களை எழுதுவதற்காகவே சீனர்கள் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். மத்தூர் நண்பரின் தகட்டில் இருக்கும் எழுத்தே சாட்சி.

சீனாவின் மிகப் பழைய எழுத்தகராதி ஷூ ஷென் என்ற அறிஞர் கி.பி. 100-இல் முடித்தது. 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் பிரித்து வைத்தார். அதில் 'தா' கிடையாது. தேவைப்படவில்லை, அந்தக் கட்டடமே அவர்கள் ஊரில் அப்போதுதான் கால் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு புத்த நூல்கள் கட்டுக்கட்டாக வந்தன. வடமொழியில் 'ஸ்தூபம்', பாலியில் 'தூபம்' என்ற சொல்லைத் துறவிகள் எப்படியாவது எழுத வேண்டும். ஒலிக்குக் கிட்டத்தட்ட ஒத்துவந்த ஒரு பழைய எழுத்து கிடைத்தது. ஒரு சிறுபயறின் பெயர் அது. மண்ணால் எழுப்புவதுதானே என்று அதன் பக்கத்தில் மண்ணைச் சேர்த்தார்கள். முடிந்தது வேலை. 986-இல் ஷூ ஷுவான் என்பவர் அந்தப் பழைய அகராதியைத் திருத்திப் புதுப்பித்தபோது, விட்டுப்போனவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அவற்றில் இதுவும் ஒன்று. மேற்றிசை நாட்டுப் புத்தக் கட்டடம் என்று பொருள் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தஞ்சையில் ராஜராஜன் பட்டமேறியிருந்தான்.

"தூபம் எங்கே, தா எங்கே?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: பழைய சீனத்தில் இதன் ஒலி 'தாப்'. பேச்சுவழக்கில் வடக்கே கடைசி ஒலி உதிர்ந்துவிட்டது. தெற்கே கான்டன் மக்கள் இன்றும் 'தாப்' என்கிறார்கள். இந்த எழுத்தைக் கடன் வாங்கிய வியட்நாமிலும் 'தாப்'. கொரியாவில் 'டாப்'. ஜப்பானில்தான் 'தோ' ஆகிவிட்டது. பாலிச் சொல்லின் கடைசி எழுத்தை அண்டை நாடுகள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

இந்தச் சுருக்கம் பிடிக்காத ஒருவரும் இருந்தார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங். மூல ஒலி கெடக்கூடாது என்று 'சூ-து-போ' என மூன்று எழுத்துகளில் எழுதினார். ஜனங்கள் ஓரெழுத்தையே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு உதாரணமும் தருகிறேன். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனுக்காகப் பிறந்த எழுத்து 'மோ'. மேலே சணல் (ஒலிக்கு), கீழே பேய் (பொருளுக்கு). இன்று சீனத்தில் அரக்கன், மாயவித்தை எல்லாம் அந்த எழுத்தில்தான் நடமாடுகின்றன.

சி.என்.சி. ஆபரேட்டர், ஓசூர்

கேள்வி: தைவான் மெஷினில் இருக்கும் எழுத்தும் சைனா மெஷினில் இருக்கும் எழுத்தும் வேறு வேறா?

பதில்: மொழி ஒன்று, எழுதும் முறை இரண்டு. 1956-இல் சீன அரசு எழுத்துகளைச் சுருக்க ஆரம்பித்தது. தைவான் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டது. நீங்கள் தினமும் பார்க்கிற 'மெஷின்' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: தைவானில் 16 கோடு, சீனாவில் 6. கோபுர எழுத்துக்கோ யாரும் கத்தரி போடவில்லை. இரண்டு ஊரிலும் ஒன்றேதான்.

கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

கேள்வி: சீனத்தில் மொத்தம் எத்தனை எழுத்து? எத்தனை தெரிந்தால் செய்தித்தாள் படிக்கலாம்?

பதில்: 1716-இல் காங்ஷி பேரரசர் காலத்தில் முடிந்த அகராதியில் 47,035. பயந்துவிடாதீர்கள். 2013-இல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105. அதிலும் அன்றாடத்துக்கு வேண்டியவை என்று முதல் அடுக்கில் வைத்தவை 3,500. அவற்றில் பெரும்பாலானவை நம் கோபுர எழுத்தைப் போலப் பொருளுக்கு ஒரு பக்கம், ஒலிக்கு ஒரு பக்கம் என்று கட்டப்பட்டவை. கட்டுமானம் பிடிபட்டால் மனப்பாடம் பாதியாகும்.

இளைஞர், ஓசூர்

கேள்வி: கையில் ஒரு சீன எழுத்தைப் பச்சை குத்திக்கொள்ள ஆசை. எதைக் குத்தலாம்?

பதில்: தம்பி, குத்துகிறவருக்கும் உங்களுக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும்வரை எதையும் வேண்டாம். ஒரு கோடு குறைந்தால் வேறு சொல்லாகிவிடும் மொழி இது. கசப்புக் கீரையைக் குறித்த எழுத்தில் ஒரே ஒரு கோட்டை எடுத்ததால்தான் தேநீருக்கு எழுத்து கிடைத்தது.

டீக்கடைக்காரர், சந்தூர்

கேள்வி: டீ என்பது சீனச் சொல்லா, இங்கிலீஷ் சொல்லா? கேரளத்துக்காரர் சாயா என்கிறார், ஓசூர் தாண்டினால் சஹா என்கிறார்கள்.

பதில்: எல்லாம் ஒரே எழுத்துதான். மேலே சொன்ன அந்த எழுத்தைச் சீனாவின் பெரும்பகுதி 'ச்சா' என்று படித்தது. தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள் 'தே' என்று படித்தார்கள். 'ச்சா' நிலவழியாக நடந்து சாய், சாயா, சஹா ஆனது. 'தே' டச்சுக் கப்பல் ஏறி ஐரோப்பா போய் டீ ஆகி நம்மிடம் வந்தது. 'தேயிலை' என்று சொல்லும்போது முதல் பாதி ஃபூஜியன் துறைமுகத்துப் பேச்சு, பின்பாதி நம் இலை. உங்கள் கடை இருக்கும் எல்லைப் பகுதியில் நிலவழி வந்ததும் கடல்வழி வந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கின்றன.

பிளஸ் டூ மாணவி, மத்தூர்

கேள்வி: ராஜராஜ சோழனின் பெயரைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாமே, எப்படி?

பதில்: எழுதியிருக்கிறார்களம்மா. சோங் வம்ச வரலாற்றில் 1015-ஆம் ஆண்டுச் செய்தியாக இருக்கிறது. 'லோ-ச்சா-லோ-ட்சா' என்று நான்கு எழுத்துகள். ராஜராஜாவைச் சொல்லிப் பாருங்கள், ஓரளவு பொருந்தும். அந்த இரண்டாவது எழுத்து எது தெரியுமா? சந்தூர்க்காரருக்குச் சொன்ன அதே தேநீர் எழுத்து. பொருள் பார்த்தால் ஒன்றும் தேறாது, ஒலிக்காக எடுத்தது. சோழநாட்டின் பெயர் 'ஜு-நியன்'. முதல் எழுத்துக்கு ஊற்றுதல் என்றும் இரண்டாவதற்கு அரசர் ஏறும் வண்டி என்றும் பொருள். அதையும் பொருளாகப் படிக்கக் கூடாது.

எனக்கு மனதைத் தொடுவது வேறொன்று. சோழர் தூதர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டு 1,150 நாள் கழித்தே கான்டன் துறைமுகத்தை அடைந்ததாக அந்த வரலாறு கணக்குச் சொல்கிறது. மூன்று ஆண்டுக்கும் மேல். சீன அரசவையில் எழுத்தர் தூரிகையை மையில் தோய்த்து ராஜராஜன் பெயரை எழுதியபோது, 1014-லேயே அந்த மன்னன் காலமாகியிருந்தான். 1033-இல் போன இன்னொரு தூதுக்குழு ராஜேந்திரன் பெயரைக் கொண்டுபோனது. அதையும் ஒலிக்கு ஒலி எழுதினார்கள். அதற்கடுத்து 1077-இலும் ஒரு குழு போனது. தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் இந்த மூன்று ஆண்டுகளையும் நினைவில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பர்கூர்

கேள்வி: சீனாவுக்கு நாம் போனது சரி. தமிழ்நாட்டில் சீனர்கள் கட்டியது, எழுதியது என்று ஏதாவது உண்டா?

பதில்: இருந்தது. நாகப்பட்டினத்தில்.

வாங் தாயுவான் என்ற சீனக் கடலோடி 1330-களில் இந்தியப் பெருங்கடல் எங்கும் சுற்றிவிட்டு, பார்த்ததையெல்லாம் 1349-இல் நூலாக்கினார். அதில் ஒரு பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே இரண்டு எழுத்துதான்: மண், கோபுரம். அந்தக் கோபுரம், மத்தூர் தகட்டில் இருக்கும் அதே 'தா'. சமவெளியில், மரமும் கல்லும் சூழ, பல பத்தடி உயரத்தில் செங்கற்கோபுரம் ஒன்று நிற்கிறது என்கிறார். அதில் சீன எழுத்துகள் வெட்டியிருந்ததையும், கட்டி முடித்த காலமாகச் சியன்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் குறிக்கப்பட்டிருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தெற்குச் சோங் அரசின் கணக்கு அது. நம் கணக்கில் 1267. எழுபது ஆண்டுக் கடற்காற்றுக்குப் பிறகும் எழுத்து தேயாமல் இருந்ததைக் குறித்திருக்கிறார். அந்த இடம் நாகப்பட்டினம் என்பதே அறிஞர்கள் பலரின் முடிவு.

யோசித்துப் பாருங்கள். இந்தியச் சொல் ஒன்று துறவிகளின் வாயில் சீனாவுக்குப் போகிறது. அங்கே அதற்கு மண் சேர்த்து ஓர் எழுத்து பிறக்கிறது. ஆயிரம் ஆண்டு அந்த மண்ணில் ஊறியபின், அதே எழுத்தைச் சுமந்துகொண்டு வணிகர்கள் நம் கரைக்கு வந்து, நம் களிமண்ணைச் சுட்டு ஒரு கோபுரம் எழுப்புகிறார்கள்.

நாகைக்கு இது முதல் அந்நியக் கட்டடமும் அல்ல. கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கன் தன் தந்தையின் பெயரில் அங்கே சூளாமணி விகாரம் கட்டினான். அதற்காக ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். சிவபாதசேகரன் என்று பெயர் கொண்ட மன்னன் புத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்திருக்கிறான். அதற்கும் முன்னால், 720-இல், காஞ்சிப் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் சீனப் பேரரசருக்காக ஒரு கோயில் எழுப்பி அதற்குப் பெயர் கேட்டான் என்றும், பேரரசர் எழுத்துகளை அனுப்பினார் என்றும் தாங் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. தன் படைக்கும் பெயர் கேட்டு வாங்கினான்: நல்லறத்தைப் போற்றும் படை என்று பொருள்.

வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

கேள்வி: நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் இருந்தது என்கிறார்கள். இப்போது ஏன் இல்லை? கடல் கொண்டதா?

பதில்: கடல் ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள்தான் இடித்தார்கள், அதுவும் முறைப்படி அனுமதி வாங்கி.

'சீனா பகோடா' என்று ஐரோப்பிய மாலுமிகளும் 'புதுவெளிக் கோபுரம்' என்று ஊர்மக்களும் சொன்ன ஒரு செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாகைக்கு வடக்கே நின்றது. மூன்று அடுக்கு. கூரை போயிருந்தது. கரையைத் தேடி வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வாங் தாயுவான் கண்ட கோபுரம் அதுவேதானா, சூளாமணி விகாரத்தின் மிச்சமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. இரண்டில் எதுவானாலும் இழப்பு ஒன்றுதான். அந்த இடத்தில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த ஏசு சபையினர் கோபுரம் பாழடைந்து ஆபத்தாக நிற்கிறது, இடித்து அந்தச் செங்கல்லைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று அரசிடம் கேட்டார்கள். 1867-இல் சென்னை அரசாங்கம் சம்மதித்தது. 1267-இல் எழுத்து வெட்டிய கோபுரம் அதுதான் என்றால், சரியாக 600 ஆண்டு.

நான் யாரையும் கூண்டில் ஏற்ற வரவில்லை. அனுமதி கேட்டவர்கள் ஒரு பழைய சுவரைக் கண்டார்கள், கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அதையே கண்டார். அதில் ஏதாவது எழுதியிருந்ததா என்று படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் இல்லை. அதுதான் வேதனை. அந்த மண்ணிலிருந்து 1856 தொடங்கி எண்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 350 புத்த வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து டி.என். ராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954-இல் வெளியிட்டது. எழும்பூருக்குப் போனால் அந்தச் சிலைகளைப் பாருங்கள்; சிலவற்றில் புத்தரின் தலைமேல் தீக்கொழுந்து சுடர்விடும். கோபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சீனாவும் இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் எடுக்க முடியாது. ஹாங்சோ நகரின் லெய்ஃபெங் கோபுரத்திலிருந்து ஆளுக்கொரு செங்கல்லாக மக்கள் உருவிக்கொண்டு போனார்கள். நோய் தீரும், அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிக்கை. 1924 செப்டம்பர் 25 அன்று மொத்தமும் சரிந்து விழுந்தது. விழுந்த செங்கற்களில் சிலவற்றுக்குள் துளையிட்டு, 975-இல் அச்சடித்த புத்த மந்திரச் சுருள்களைச் செருகி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஆனால் அவர்கள் 2002-இல் அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

சினிமா ரசிகர், காவேரிப்பட்டணம்

கேள்வி: 'ஏழாம் அறிவு' பார்த்ததிலிருந்து சந்தேகம். போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர்தானா?

பதில்: தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சான்று உண்டு. அவர் மரபில் வந்த தான்லின் என்பவர், தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று எழுதியிருக்கிறார். காஞ்சி என்பது பிற்காலத்தில் வந்த முடிச்சு. 1004-இல் தொகுத்த ஒரு சென் பௌத்த நூல் அந்த அரசர் பெயரைச் 'சியாங்-ஜி' என்கிறது. 'மணம்', 'வந்தடைதல்' என்று இரண்டு எழுத்துகள். ஒலியைக் காஞ்சியோடு பொருத்துகிறார்கள். பொருத்தலாம், அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பைப் படத்தில் காட்டவில்லை. யாங் ஷுவான்ஜி என்பவர் 547 வாக்கில் லோயாங் நகரக் கோயில்களைப் பற்றி எழுதினார். அவர் போதிதர்மரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். அந்த முதியவர் யோங்நிங் கோயிலின் ஒன்பது அடுக்கு மரக் கோபுரத்தின் முன் நின்று, தம் நீண்ட வாழ்வில் எத்தனையோ நாடு சுற்றியும் இப்படியொரு அழகைக் கண்டதில்லை என்று கைகூப்பி, நாட்கணக்கில் 'நமோ' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். 516-இல் கட்டிய கோபுரம், 534-இல் எரிந்து போனது. நம் 'தா' எழுத்தின் மிக உயர்ந்த வடிவம் ஒன்று அது. சண்டைக் காட்சியைவிட அந்தக் கைகூப்பல் எனக்குப் பெரிது.

அவர் பேரோடு சேர்ந்த 'சான்' என்ற எழுத்தும் கடன்தான். முன்பு பலியிடும் சடங்கையும் அரியணையை விட்டுக்கொடுப்பதையும் குறித்தது. 'தியானம்' என்ற சொல்லை எழுத அதைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானில் அதுவே 'சென்'.

குடும்பத் தலைவி, மத்தூர்

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். 'தமிழ்' என்பதைச் சீனர்கள் எப்படி எழுதுவார்கள் என்று அவனிடம் கேட்டேன், மூன்று எழுத்து என்றான். என்ன பொருள்?

பதில்: சிங்கப்பூரில் 'தான்-மி-அர்'. சீனாவில் 'தாய்-மி-அர்'. எல்லாம் ஒலிக்காகத்தான். ஆனாலும் நடுவில் இருக்கும் 'மி' அரிசியைக் குறிக்கும் எழுத்து. தமிழுக்கு நடுவில் அரிசியை வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

புத்தகக் கடைக்காரர், ஓசூர்

கேள்வி: சீனாவில் தமிழ்க் கல்வெட்டு உண்டா?

பதில்: உண்டு. ஃபூஜியன் மாகாணத்துக் குவான்சோ துறைமுகத்தில் 1956-இல் கிடைத்தது. சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், சேகசை கான் என்ற மங்கோலிய மன்னரின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அந்தத் தமிழ்க் கல்லின் கடைசியில் ஒரு வரி சீனம். 1267-இல் நாகையில் சீன எழுத்துக் கோபுரம், 14 ஆண்டு கழித்துக் குவான்சோவில் தமிழ் எழுத்துச் சிவன் கோயில். கொடுத்தலும் வாங்கலும் அப்படி நடந்திருக்கிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. அந்த வகைக் கோயில் தூண்கள் சில அதே ஊரின் கையுவான் புத்தக் கோயிலில் நிற்கின்றன. நரசிம்மரும் கண்ணனும் அவற்றில் இருக்கிறார்கள். முற்றத்தில் இரட்டைக் கற்கோபுரங்கள், கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய 48 மீட்டர், 1250-இல் முடிந்தது. மேற்குக் கோபுரத்தில் வாள் ஏந்திய குரங்கு முகத்தவர் ஒருவர். அனுமனைத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

இலங்கைக்குப் போனால் கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்னொன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ஆம் ஆண்டிட்டுக் கொண்டுவந்த மும்மொழிக் கல். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஆயிரம் கழஞ்சு பொன், ஐயாயிரம் கழஞ்சு வெள்ளி என்று தமிழ்ப் பகுதி காணிக்கையைப் பட்டியல் போடுகிறது. அந்தக் கல் 1911-இல் காலி நகரில் எங்கே கிடைத்தது தெரியுமா? வடிகாலுக்கு மூடியாக.

விவசாயி, மத்தூர்

கேள்வி: எங்கள் மாந்தோப்பு ஓரத்தில் பாதி புதைந்த ஒரு பலகைக்கல் இருக்கிறது. வில் பிடித்த ஆள் உருவம், அதன் மேல் ஏதோ எழுத்து. என் பேரன் சீன எழுத்து மாதிரி இருக்கிறது என்கிறான். அப்படி இருக்குமா? தோப்புக்கு வேலி போடும்போது எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள் ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சீனம் அல்ல. சீனத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கண்ணுக்குத் தெரியாத சதுரத்துக்குள் உட்காரும். அங்கே பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில்தான் எழுதப் பழகுகிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எழுத்துகள் வளைந்து, ஒன்றையொன்று தொடர்ந்து போகின்றன. எனக்குத் தெரிந்தவரை அது வட்டெழுத்து. நம் முன்னோர் எழுதிய தமிழ். ஆநிரை மீட்கும் சண்டையிலோ புலியோடு மோதியோ இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் வழியாகப் போகும் திருவண்ணாமலைச் சாலையில் செங்கம் வரை இத்தகைய கற்கள் ஏராளம். இரா. நாகசாமி பதிப்பித்து 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலில் பல்லவர் காலத்துக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவதும் பல இடங்களில் இப்படிப்பட்ட கல்லைத்தான்.

பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் சாய்வாக விழும்போது நான்கு பக்கமிருந்தும் படம் எடுக்கட்டும். உச்சிவெயிலில் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாது, ஒன்றும் தெரியாது. இருட்டிய பின் பக்கவாட்டில் டார்ச் பிடித்தாலும் நன்றாக எழும். மண்ணைத் தண்ணீரும் மெல்லிய தேங்காய் நார் தூரிகையும் கொண்டு தட்டிவிட்டால் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் கிட்டே வரக்கூடாது. வேலிக்கல் நட ஜே.சி.பி. வருகிறதென்றால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே காட்டி, நாலடி தள்ளிக் குழி எடுக்கச் சொல்லுங்கள். கல் நின்ற இடமும் சேர்ந்துதான் சான்று. பெயர்த்து வீட்டு வாசலில் வைத்தால் பாதிச் செய்தி போய்விடும்.

அந்தப் படங்களோடு உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடமும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இந்த வாரமே தகவல் சொல்லுங்கள். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை அவர்கள் அழைத்து வருவார்கள். வீரன் பெயர் என்னவென்று தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறேன்.